சுண்ணாம்பு அடித்ததால் போன அடுப்பு

இன்று பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஆமாம், அடுப்பைத்தான்.

விறகு கொஞ்சமாகப் பிடிக்கும் புகையில்லா அடுப்பு. இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சொன்னது நான். பேர் கொடுக்கப் பக்கத்து வீட்டுச் சரோஜாவைக் கையோடு கூட்டிப்போனதும் நான்.

போன வாரம், யாருக்கு அடுப்புக் கொடுப்பது என்று வீடு வீடாகப் பார்க்க மிஸ் வருகிறார் என்றார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறதே என்று சமைக்கிற குசினிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவைத்தேன்.

மிஸ் சுற்றிப் பார்த்தார். "ஒங்க குசினியில பொகையே இல்லையே அக்கா. கஷ்டப்படுறவங்களுக்குத்தான் மொதல்ல."

சரோஜா வீட்டுக் கரிச்சுவரைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுப்பு அங்கே போய்விட்டது.

இன்று கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, விறகு பொறுக்கக் கிளம்பினேன். சரோஜா வாசலில் நின்று தேத்தண்ணி குடிக்கிறாள்.

"வெறகுக்கா போறீங்க அக்கா? எனக்கு இந்த வாரத்துக்கு இருக்கு."

"இருக்கும்டி. நான் கூட்டிப்போகலன்னா இந்நேரம் நீயும் ஊதிக்கிட்டுத்தான் இருப்ப."

சிரிக்கிறாள். என் அடுப்பைவிட வயிறு நன்றாக எரிந்தது.

மிச்ச அடுப்புகளுக்கு வீடு பார்க்க நாளைக்கு மிஸ் மறுபடி வருகிறார். சுவர் கறுக்கட்டும் என்று ஈர விறகை வைத்து ஊதினேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. நாளைக்குக் கட்ட, குசினிக் கொடியில் காயப்போட்டிருந்த சேலை கறுத்துவிட்டது.