யார் காரையோ கிளப்பினேன்

அடுத்தவர் காரைத் தன் கார் என்று ஓட்டிப்போகும் முட்டாளைப் பார்த்திருக்கிறீர்களா? இதை எழுதுவதே அவன்தான்.

எழுபதுகளில் ஒரு மத்தியானம். கேரள எல்லையில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து, கறுப்புக் காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். தினமும் முரண்டு பிடிக்கிற வண்டி ஒரே திருகில் கிளம்பியது. சந்தேகம் வர வேண்டாமா? என் கைராசி என்று பூரித்துப்போனேன்.

கொஞ்ச தூரத்தில் பின்சீட்டில் முனகல் கேட்டது. திரும்பினால், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வலியில் சுருண்டு கிடந்தாள். என் தேய்ந்த சாவி, பக்கத்தில் நின்ற அதே மாதிரிக் கறுப்புக் காருக்குப் பொருந்தியிருக்கிறது!

"அய்யோ அம்மிணி, காரு மாறிப்போச்சுங்க! திருப்பட்டுங்களா?"

"பொள்ளாச்சி ஆசுபத்திரிக்கு உடுங்க!" என்று அலறினாள். விட்டேன்.

செக்போஸ்ட்டில் வீம்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர், தன் சாவியால் என் காரைக் கிளப்பிக்கொண்டு ஆசுபத்திரிக்கு வருவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அவர் அடிப்பார் என்று நின்றேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முன்பின் தெரியாதவனிடம் இரண்டு உயிரை ஒப்படைக்க எத்தனை துணிச்சல் வேண்டும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அன்றே அவளிடம் கேட்டேன்: "நான் கிளப்பறப்பவே ஏனுங்க அம்மிணி சத்தம் போடலை?"

"நீங்களாச்சும் வண்டிய எடுத்தீங்களே."