டர்போவா, சூப்பர் சார்ஜரா: அக்காவுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்

அன்பிற்குரிய உறவுகளே, நண்பர்களே,

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அக்கா ஒருமுறையாவது திறந்து பார்த்த காரில்தான் இன்று மனோர் பார்க் மண்டபத்துக்கு வந்திருப்பீர்கள். "பிள்ளை, என்னவோ சத்தம் கேக்குது, ஒருக்கா பார்" என்று கோயில் வாசலில் நீங்கள் சொன்ன போதெல்லாம், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தவர் அவர். அவர் நம்மைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. மேடை கிடைத்தால் இறங்காதவன் என்று பெயர் வாங்கிய நான், இந்தச் சில பக்கங்களுக்காகப் பல மாதங்கள் சொல் தேடினேன்.

அக்கா சாவகச்சேரியில் பிறந்தார். ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்தபடி இலண்டன் வந்து, நிழற்படத்தில் மட்டுமே அறிந்திருந்த அப்பாவை விமான நிலையக் கூட்டத்தில் தாமே கண்டுபிடித்தார். அவருக்கும் எனக்கும் பதின்மூன்று ஆண்டு இடைவெளி. எனக்கு நான்கு வயதானபோது அப்பா மாரடைப்பால் மறைந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்த அக்கா, இலண்டனின் பார்க்கிங் என்னும் பகுதியில் ரூபன் அண்ணை நடத்தும் கராஜில் வேலை பழகச் சேர்ந்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த எண்ணெய் வேலை?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய கார்களையும் அக்காவே திருத்தினார். வாடிக்கையாளர் சிலர் அவரைக் கடந்து உள்ளே எட்டிப் பார்த்து, மெக்கானிக் எங்கே என்று விசாரிப்பார்கள். "இப்ப வருவார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கையுறையை மாட்டிக்கொண்டு அக்காவே திரும்பி வருவார்.

என்னைப் பேச்சாளனாக்கியவரும் அவரே. சனிக்கிழமைகளில் பேச்சுப் போட்டிகளுக்கு என்னை ஏற்றிச் செல்லும்போது, வழி முழுவதும் ஒப்புவிக்கச் சொல்வார். என் அடுக்குமொழிகள் பல அவருக்கு விளங்கியதில்லை. ஆனால் நான் மனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவார். "என்ஜின் மாதிரித்தான்டா தம்பி. சத்தம் மாறினால் எனக்குத் தெரியும்." எங்கள் வீட்டு அலமாரியில் நிற்கும் கிண்ணங்களில் என் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றைத் துடைத்து வைத்தவர் அக்கா.

தமக்கென்று அவர் வைத்திருந்த ஒரே ஆடம்பரம், பழைய சிவப்புக் கார் ஒன்று. இருவர் மட்டுமே அமரலாம். அதன் என்ஜினைக் கழற்றிப் புதுப்பித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவருக்குப் புற்றுநோய் என்று அறிந்தோம். சிகிச்சைக்கு இடையில், உடம்பு இடம் கொடுத்த நாட்களில், அவர் கராஜுக்குப் போனார்.

அந்த என்ஜினுக்கு மேலும் வலுவூட்ட அவர் விரும்பினார். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்துபவை. சூப்பர் சார்ஜரை என்ஜினே பெல்ட் போட்டுச் சுழற்றுகிறது. ஆகவே ஆக்சிலரேட்டரில் கால் வைத்தவுடன் வலு கிடைக்கும். ஆனால் அதில் ஒரு பங்கை அக்கருவியே தின்றுவிடும். டர்போவைச் சுழற்றுவதோ வெளியேறும் புகை. வீணாகப் போவதிலிருந்து அது வேலை வாங்கும். ஆனால் கால் வைத்த பின் சற்றுத் தயங்கி, அதன் பிறகே பாய்ந்து தள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அக்கா கேட்டார்: "தம்பி, டர்போ நல்லதோ, சூப்பர் சார்ஜர் நல்லதோ?"

"நான் எந்தப் பக்கம் பேச வேணும்?" என்றேன்.

அவர் சிரித்தார். "ரெண்டு பக்கமும் பேசன், பாப்பம்."

அன்று டர்போவுக்காகப் பேசினேன். "கழித்துவிட்ட மூச்சையும் ஆற்றலாக மாற்றும் அறிவே அறிவு!" என்று முழங்கினேன். அம்மா கை தட்டினார். அடுத்த ஞாயிறு சூப்பர் சார்ஜருக்காக எழுந்து நின்றேன். "அழைத்தவுடன் வராத வலிமை வலிமையன்று!" என்றேன். அம்மா மறுபடியும் தட்டினார்.

"அம்மா, போன கிழமையும் தட்டினனீங்கள்!" என்றார் அக்கா.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பெத்த பிள்ளை தொண்டை கிழியக் கத்தேக்க தட்டத்தானே வேணும்."

அக்கா கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, ரெண்டிலயும் வென்றிட்டாய். உனக்கு எது விருப்பம்?"

"அது தலைப்பில இல்லையே அக்கா."

"உனக்கெண்டு ஒரு கார் இருந்தால்?"

"என்ன தேவைக்கு எண்டு வரையறுக்காமல் தீர்ப்புச் சொல்ல ஏலாது."

"சரி, விடு" என்று சொல்லி, அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மருத்துவமனையில் இன்னொரு முறை கேட்டார். குரல் மிகவும் மெலிந்திருந்தது. அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணி, இரண்டுமே வேண்டாம் என்னும் மூன்றாவது அணிக்காகப் பேசினேன். அவர் சிரித்தார். என் கையைத் தட்டிக் கொடுத்தார். அதன்பின் கேட்கவில்லை. அதற்கு ஒன்பதாம் நாள் காலை, அம்மா ஒரு கையையும் நான் மறு கையையும் பிடித்திருக்க, அவருடைய மூச்சு அடங்கியது.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த மறுவாரம் ரூபன் அண்ணை என்னைக் கராஜுக்கு அழைத்தார். சிவப்புக் கார் மூலையில் நின்றது. என்ஜின் அதன் இடத்தில் இருந்தது. டர்போவோ சூப்பர் சார்ஜரோ பூட்ட வேண்டிய பக்கத்தில் மட்டும் வெற்றிடம்.

"உன்ர அக்கா இதை உனக்கெண்டுதான் செய்தவ" என்றார். "தான் இந்தக் காரை ஓட மாட்டன் எண்டு அவவுக்குத் தெரியும். எதையாவது பூட்டிக் குடுப்பமே எண்டு நான் கேட்டனான். 'இல்லை அண்ணை, அவன்ர வாயால வரட்டும். மேடைப் பேச்சு இல்லாமல் ஒருக்கா வரட்டும்' எண்டு சொன்னவ."

அங்கிருந்த பழைய டயர் ஒன்றின்மேல் அமர்ந்தேன். மூன்று முறை அவர் என்னைக் கேட்டார். மூன்று முறையும் நான் பேசினேன். ஒரு முறைகூடப் பதில் சொல்லவில்லை.

"அக்காவுக்கு எது விருப்பம்?" என்று கேட்டேன்.

"அவவுக்கு எப்பவும் டர்போதான். அந்தத் தள்ளுதல் வரேக்க சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பா."

அப்படியென்றால் டர்போவே போதும் என்று வாய் வரை வந்தது. அக்காவுக்குச் செய்யும் மரியாதை அதுதான் என்று நிறுவ என்னிடம் அப்போதே ஐந்து வாதங்கள் இருந்தன. ஆனால் அது அவருடைய விருப்பம். அவர் கேட்டது என்னுடையதை.

"எனக்குப் பயம் அண்ணை" என்றேன். "ரவுண்டபவுட் சந்தியில கார் நிண்டுபோய், பின்னால எல்லாரும் ஹோர்ன் அடிக்க அழுத ஆள் நான். திடீரெண்டு தள்ளினால் என்னால ஏலாது. கால் வைச்ச அளவுக்குப் போனால் போதும். சூப்பர் சார்ஜர்."

"இவ்வளவுதானே? இதைச் சொல்ல இவ்வளவு காலமோ?" என்ற ரூபன் அண்ணை, முகத்தைத் திருப்பிக் கண்களைத் துடைத்தார். பிறகு, "இனி இன்சூரன்ஸ்காரன்தான் பாவம்" என்றார்.

அக்காவை இறுதிவரை கண்ணியத்தோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அவர் தொடங்கிய வேலையை முடித்துத் தந்த ரூபன் அண்ணைக்கும் கராஜ் தோழர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் கொண்டுவந்த அயலவர்களுக்கும், அம்மாவைத் தனியே இருக்க விடாத உறவுகளுக்கும், எங்கள் வீட்டில் எஞ்சிய இருவரின் நன்றி.

இம்மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் சிவப்புக் கார் வாசலில் நிற்கும். அம்மாவை அதில்தான் அழைத்து வருவேன். அதன் சத்தம் கொஞ்சம் அதிகம்தான். இம்முறை நீங்கள் குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, அக்கா.

என் குரலில் பொய் தட்டுகிறதா என்று கேட்டுச் சொல்ல நீங்கள் பக்கத்து இருக்கையில் இல்லை. ஆகவே அலங்காரம் எதுவும் இல்லாமல் சொல்கிறேன்.

எனக்கு சூப்பர் சார்ஜர்தான் விருப்பம், அக்கா.

தம்பி