மத்தியானத்து விளக்கு

சட்டைக்குக் காலர் தைக்க அந்த ஆலைக்கு வந்த புதிதில் தோவா முதலில் கற்றுக்கொண்டது தூங்கத்தான். அந்தப் பின் யூங் மாகாணத்தில் எல்லா ஆலைகளிலும் அப்படித்தான். மத்தியான மணி அடித்ததும் சோற்றையும் மீன் சாற்றையும் விழுங்கிவிட்டு ஓடி வர வேண்டும். பெட்டி அட்டையை மெஷினுக்கு அடியில் விரித்துப் படுத்துவிட வேண்டும். யாராவது விளக்கை அணைப்பார்கள். மறுமணி வரை இருட்டு. பொத்தான் பெட்டி அட்டைதான் கனமானது, நீலக்கோடு போட்டது வேண்டாம், முதுகில் சாயம் ஒட்டும் என்று அவளுக்கு ஒருத்தி சொன்னாள். பின்னால் வந்தவர்களுக்கு அவள் சொன்னாள். வரிசைத் தலைவியான பிறகும் அவர்கள் நடுவில்தான் படுத்தாள்.

புது மேலாளர் லொக் அவளைவிடச் சின்னவர். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வரப்போகிறார்கள், தரையில் பிணம் மாதிரிக் கிடப்பது அசிங்கம் என்றார். இனி மத்தியானம் விளக்கு எரியும், யாரும் படுக்கக் கூடாது. தோவா ஒப்பவில்லை. கொஞ்சம் கண் மூடினால்தான் சாயங்காலம் ஊசி விரலில் ஏறாது என்றாள். அவர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றாள். வரிசையில் தூயென் பிள்ளைத்தாய்ச்சி, அவளால் உட்கார்ந்தே இருக்க முடியாது என்றாள். லொக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிவாகிவிட்டது, காவலாளிகளை விட்டு எழுப்பச் சொல்கிறேன் என்றார்.

“காவலாளிங்க வேணாம் சார். நானே சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க.”

காவலாளி தடியால் மெஷினைத் தட்டுவான். பூட்ஸ் காலால் அட்டையை இழுப்பான். தன் கையாலேயே அது நடந்தால் அவர்களுக்கு அவ்வளவு வலிக்காது என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலையிலேயே சொல்லியிருக்கலாம். எல்லாரும் வரிசையில் நின்றபோது நாக்கு எழவில்லை. மத்தியானம் அவர்கள் படுத்து, பேச்சு அடங்கி, மூச்சு சீரான பிறகு போய் சுவிட்சைப் போட்டாள்.

“எவடி அவ?” பூங் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “மாமியா வீட்டுக் கரண்டா இது? அணைடி.”

மெஷின்களுக்கு அடியில் சிரிப்பு ஓடியது.

“நான்தான் பூங்.”

சிரிப்பு நின்றது. மேலிருந்து உத்தரவு என்று சொல்லத்தான் தோவா வாயைத் திறந்தாள். ஆனால் தரை ஈரம், உடம்புக்கு ஆகாது, எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

“இத்தனை வருஷமா இல்லாத ஈரமா அக்கா?” என்றாள் பூங்.

தூயென் மெஷின் காலைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டு, பிறகு மெல்ல எழுந்தாள். “விடுடி. அக்கா சும்மா சொல்வாங்களா.” தன் அட்டையை இரண்டாக மடித்துத் தோவாவின் கையில் கொடுத்தாள். அதில் உடம்புச் சூடு இருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பக்கத்து ஆலையிலும் அதே உத்தரவு வந்தது; அங்கே காவலாளிகள்தான் எழுப்பினார்கள். பெண்கள் கத்தினார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளைக் கவிழ்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள். அந்த வாரமே அங்கே விளக்கு மறுபடி அணைந்தது. சந்தையில் கீரை வாங்கும்போது தோவா இதைக் கேள்விப்பட்டாள். கீரையை வாங்காமலே வந்துவிட்டாள்.

லொக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். “ஒரு சத்தம் இல்லையே. உங்களாலதான்.” அவருக்குப் பின்னால் மடக்குக் கட்டில் விரித்திருந்தது, தலையணையோடு.

“சரிங்க சார்,” என்றாள்.

அடுத்த மத்தியானம் வரிசையில் நடந்து போனாள். வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து எடுத்து வெளியே வைத்துக்கொண்டு, துணிக்குவியலில் தலை சாய்த்திருந்தாள் தூயென். தோவாவின் நிழல் மேலே விழுந்ததும் சட்டென்று நிமிர்ந்தாள்.

“தூங்கலக்கா,” என்றாள். “சும்மா கண்ண மூடியிருந்தேன்.”

தோவா தலையசைத்தாள். அடுத்த மெஷினுக்கு நகர்ந்தாள்.