திருப்பி வைத்த செருப்பு

எங்கள் தெருமுனைத் தீயணைப்பு நிலையத்தில் பெரியப்பாதான் டிரைவர். எவ்வளவு களைத்துத் திரும்பினாலும் வண்டியைப் பின்பக்கமாகவே கொட்டகைக்குள் விடுவார். அடுத்த மணி அடித்ததும் கிளம்ப, அதன் முகம் தெருவைப் பார்த்தே நிற்க வேண்டும்.

வீட்டிலும் அதே கதைதான். கதவுக்கு உள்ளே செருப்பைக் கழற்றினால் வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார். இரவில் தாழ்ப்பாள் போட விடமாட்டார்.

"ஒரு இடத்துல கால் தரிக்காத மனுஷனுக்கு வாக்கப்பட்டேன்" என்று பெரியம்மா கரித்துக்கொட்டுவாள்.

நிலையத்தை மூடிய அன்று மட்டும் வண்டியின் முகம் சுவரைப் பார்க்க, நேராக உள்ளே விட்டார்.

"இனி எங்க போகப் போகுது?" என்றார்.

அந்த இடத்தை ஃபிரிட்ஜ் கிடங்கு ஆக்கினார்கள். யாரைச் சொல்லி நோவது? அதன் பிறகும் மணி கேட்டதென்று பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். கிடங்குக் கதவின் முன் நிற்பவரைப் பெரியம்மா கையைப் பிடித்து அழைத்து வருவாள்.

அவர் இறந்த பிறகும் அவள் செருப்பை அப்புறப்படுத்தவில்லை. தூசி தட்டி, வாசலைப் பார்த்தே வைப்பாள். கதவையும் தாழிடாமலே தூங்குவாள்.

ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் கடைக்குப் போய் வந்து பூட்டைத் திறந்தோம். செருப்பு இரண்டும் வீட்டுக்குள் பார்த்து, சேர்ந்து கிடந்தன.

பெரியம்மா பையைக் கீழே வைத்தாள். இருண்டிருந்த உள்ளறையைப் பார்த்து, "இப்பவாவது வந்தீங்களே" என்றாள்.

பிறகு தாழ்ப்பாளைப் போட்டாள்.