ஸெனைடா ஊறப்போட்ட தொடைக்கறி

ஹவானாவுக்கு மேற்கே, கடலை ஒட்டிய எங்கள் தெருவில் ஸெனைடாவைத் தெரியாதவர்கள் கிடையாது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. புருஷன் வேறொருத்தியோடு போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், அவன் சட்டைகளைக் கிழித்துத் தரை துடைத்தவள். மகன் ஓஸ்மெல்தான் அவளுக்கு உயிர். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கும் அவள் பிடிவாதத்துக்கும் பாதி நாள் சண்டைதான்.

அரிசிக்கே வரிசையில் நின்ற அந்த வருடம், குளியல் தொட்டியில் ஒரு பன்றியை வளர்த்தாள். நாற்றம் என் படுக்கை வரை வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டாவது கிடைக்குமே என்று பொறுத்துக்கொண்டேன். டிசம்பர் பிறந்ததும் ஓஸ்மெல் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான். லாரி டியூப்களைக் கட்டி மிதவை செய்தாயிற்று, இரண்டு நண்பர்களோடு திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி அமெரிக்காவுக்கு, மியாமிக்குக் கிளம்புகிறேன் என்றான். கடல் அப்போது எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. ஸெனைடா கத்தவில்லை. என் கையால் பன்றிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். அவனும் சரி என்றான்.

அன்றே பன்றியை வெட்டினார்கள். பூண்டை உப்போடு இடித்து, சீரகமும் ஓரிகானோ இலையும் சேர்த்து, புளிப்பு ஆரஞ்சைப் பிழிந்துவிட்டாள். தொடையைக் கத்தியால் குத்தி, துளை துளையாய் அந்தச் சாற்றை ஊற்றினாள். ஒரு ராத்திரி ஊறினால் தாராளம். மறுநாள் விரலால் அழுத்திப் பார்த்து, எலும்பு வரை இறங்கவில்லை என்றாள். அதற்கடுத்த நாளும் அதே பேச்சு. அவன் மனம் மாறட்டும் என்று நாளைக் கடத்துகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. கறி குழைந்து வீணாகும், பிள்ளையோடு விளையாடாதே என்று திட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு காலையில் காற்று அடியோடு நின்றது. வடக்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு கோடு. கடற்பறவைகள் எங்கள் மொட்டைமாடியில் வந்து உட்கார்ந்தன. மீனவர்கள் அவசர அவசரமாகப் படகுகளைக் கரையேற்றினார்கள். வாடைப்புயல் வருகிறது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓஸ்மெல் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நீ சமைச்சாலும் போறேன், சமைக்காட்டியும் போறேன்மா. ரோந்துப் படகெல்லாம் துறைமுகத்துக்குத் திரும்பிடுச்சு. இன்னிக்கு எங்களைப் பிடிக்க ஆளில்ல."

"வடக்கே பாருடா."

"அது நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள பாதி தூரம் தாண்டிடுவோம்."

ஸெனைடா அடுப்பைப் பற்றவைத்தாள். வெந்து முடியப் பிற்பகலாயிற்று. அவன் நின்றபடியே தின்றான். ரொம்ப ருசி என்று சொல்லி அவள் நெற்றியில் முத்தமிட்டான். மீதியைத் துணியில் கட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலமே காற்று வந்துவிட்டது. அலை தடுப்புச்சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தது. நான் அவள் வீட்டுக்கு ஓடியபோது ஸெனைடா ஜன்னலைத் திறந்துபோட்டுக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தள்ளி வாடி என்று கையைப் பிடித்து இழுத்தேன். பூண்டு மணத்த அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"முதல் ராத்திரியே ஊறிடுச்சுடி," என்றாள். "அன்னிக்கே விட்டிருந்தா, இந்நேரம் அந்தக் கரையில நின்னிருப்பான்."

நான் ஜன்னல் கதவைப் பிடித்துத் தள்ள, அவளும் வந்து கை கொடுத்தாள். அந்தக் காற்றில் ஜன்னலைச் சாத்த இரண்டு பேர் பலமும் போதவில்லை.