இரட்டை விசில்

விசில் அக்கா பணி ஓய்வு பெற்ற அன்று பணிமனையில் பையை வாங்கிக்கொண்டார்கள், சட்டை வில்லையை வாங்கிக்கொண்டார்கள், விசிலை மட்டும் கேட்கவில்லை. மறந்துவிட்டார்களா, பயந்துவிட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. கல்யாணமான நாள் முதல் தலை நரைக்கும்வரை எங்கள் பகுதியில் ஓடிய ஒரே பேருந்துக்கு அவள்தான் கண்டக்டர். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரட்டை விசில் என்றால் கிளம்பும். எங்கள் ஊர்க் குழந்தைகள் பேசப் பழகுவதற்கு முன்பே இதைப் பழகியவர்கள். டிக்கெட் விஷயத்தில் அவள் பெற்ற தாயையும் நம்பியதில்லை. அந்த அம்மாவே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வீட்டோடு இருந்த முதல் சில மாதங்கள் அக்காவுக்கு நரகம். காய் வாங்கப் போன இடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால், "கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க" என்பாள். மனிதர் தாங்க முடியாமல் என்னிடம் வந்து, "ஏதாவது வேலை இருந்தா இவளைச் சேத்து விடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

வேலை இருந்தது. நான் தச்சன். அப்போது சுகாதார நிலையத்தில் புதிதாக ஒரு திட்டம் தொடங்கி, என்னைக் கைப்பிடி பொருத்துவதற்கு எடுத்திருந்தார்கள். வயதானவர்கள் கீழே விழுந்து எலும்பை உடைத்துக்கொள்வதைக் குறைப்பதுதான் திட்டம். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அதற்குள் பல வேலைகள் உண்டு. காலுக்கு வலு சேர்க்கக் காலையில் பூங்காவில் பயிற்சி. தலைசுற்ற வைக்கும் மாத்திரைகளைப் பார்த்து மாற்றுவதற்கு ஒரு மருந்தாளுநர். குளியலறையில் சுவரோடு சேர்த்துக் கைப்பிடி, அது நான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டாக்டரம்மா. ஒல்லியான உடம்பு, ஓயாத கேள்வி. பயிற்சிக்கு ஆட்களைச் சேர்த்து நடத்த ஓர் ஆள் வேண்டும் என்றபோது, நான் விசில் அக்கா பெயரைச் சொன்னேன். அன்று முதல் அவள் வீட்டுக்காரர் என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுகிறார்.

டாக்டரம்மா முதல் கூட்டத்திலேயே ஒரு விதி போட்டார். பெரிய சாலைக்கு இந்தப் பக்கத் தெருக்களுக்கு மட்டும்தான் திட்டம். அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவானது அது.

"எல்லாருக்கும் குடுத்துட்டா எப்படிங்க தெரியும், நம்மளால நல்லாச்சா, தானா நல்லாச்சான்னு?" என்றார். "ஒரு பக்கம் செய்வோம், ஒரு பக்கம் சும்மா விடுவோம். ரெண்டு பக்கமும் அளந்து பாப்போம். நம்ம பக்கம் நல்லா வந்தா, அப்புறம் அந்தப் பக்கத்துக்கும் உண்டு. வரலன்னா, பிரயோஜனமில்லாத ஒண்ணை அவங்க தலையில ஏன் கட்டணும்?"

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. சாலையைத் தாண்டினால் எனக்கு எத்தனை குளியலறைகள்! அக்காவுக்கோ விதி என்றால் வெல்லம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது, அவளுடைய சொந்த அக்கா இருப்பது அந்தப் பக்கம் என்று.

பெரியக்கா என்று நாங்கள் கூப்பிடும் அந்த அம்மாள் சாலை ஓரத்து அடுக்கு வீட்டில் மூன்றாவது மாடி. ஒரு மழை நாளில் படிக்கட்டில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கை கூடிவிட்டது, மனசு கூடவில்லை. அன்றிலிருந்து படியில் கால் வைத்ததில்லை. ஊரையே சுற்றி வந்தவர், பால்கனி அளவுக்குச் சுருங்கிவிட்டார். திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தானாகவே தங்கைக்கு ஃபோன் போட்டார். நான் அப்போது அக்கா வீட்டுக் கதவுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் எப்போதும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அடியே, என்னையும் சேத்துக்கோடி. கையைப் பிடிச்சுக் கீழ இறக்கி விடு, வந்துடறேன்."

விசில் அக்கா சுவரைப் பார்த்தாள். "உங்க பக்கம் இப்போ கிடையாதுக்கா. இது நல்லபடியா முடிஞ்சா உங்களுக்கும் வரும். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

"அதாவது, டிக்கெட் இல்லைங்கறே."

"விதிக்கா..."

"உன் பஸ்ஸுல நான் ஏற மாட்டேன், போடி!"

ஃபோன் வைக்கப்பட்டது. அதோடு பேச்சும் நின்றது. அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சண்டை போட்டாலும் ஆறுமாசம் பேசாமல் இருக்கிற ரகமில்லை அந்தச் சகோதரிகள், அதனால்தான் அது அவளை அப்படி அரித்தது. ஆனால் விதியை மீறவில்லை. திட்டம் ஜெயித்தால் பெரியக்கா கீழே இறங்குவார், ஆகவே திட்டம் ஜெயித்தே ஆக வேண்டும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பூங்காவில் அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! கையில் பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு நாற்காலி. ஒரு விசில் அடித்தால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், இரட்டை விசிலுக்குக் கால் மாற்ற வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஏமாற்றித் தூக்கிய காலின் விரல் நுனியை ஊன்றினால், "சார், படியில தொங்காதீங்க, உள்ள வாங்க!" என்று குரல் பறக்கும். கிழங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். விழாமல் இருக்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். நாற்காலியைப் பிடிக்காமல் நிற்கத் தொடங்கினார்கள். பேரப்பிள்ளைகளைப் பந்தயத்துக்கு இழுத்தார்கள். எனக்கே காலையில் அங்கே போகாவிட்டால் நாள் விடியாதது போலாகிவிட்டது.

பிறகு, தொடக்கத்தில் ஒருமுறை அளந்துவிட்டுப் போன வெளியூர்க்காரர்கள் மறுபடி அளக்க வந்தார்கள். எந்தப் பக்கத்தில் திட்டம் நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லக் கூடாதாம். மத்தியான நேரத்தில் வீடு வீடாகப் போய், நிற்கச் சொல்லி, உட்கார்ந்து எழச் சொல்லி, எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கேட்டுப் போனார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"நம்ம பக்கத்துக் கால்கள் நல்லா வலுவாயிருக்கு" என்றார். அக்கா கை தட்டினாள். "அந்தப் பக்கமும் அதே அளவுக்கு வலுவாயிருக்கு."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "சும்மா இருந்த பக்கமா? அப்போ நாங்க செஞ்சதெல்லாம்?"

"பயிற்சியால வந்துச்சுன்னு இப்போதைக்கு என்னால சொல்ல முடியாது."

"அப்போ அந்தப் பக்கத்துக்கு இது வராது?"

டாக்டரம்மா கையிலிருந்த தாள்களை மறுபடி புரட்டினார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். டாக்டரம்மா மேல் எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த திருப்புளியை மேசையில் ஓங்கி வைத்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"தானா நல்லாகறதுக்குக் கால் என்ன காய்ச்சலா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலைல என்கூட அந்தப் பக்கம் வாங்க. அளந்தவங்க மத்தியானம்தான் போனாங்க. அந்தத் தெரு காலைல எப்படி இருக்கும்னு நம்மள்ல யாருமே பாக்கல."

போனோம். இந்தப் பக்கத்துப் பூங்காவையும் அந்தப் பக்கத்து வீடுகளையும் ஒரு பள்ளிக் கட்டடம் மறைக்கும். ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்க முடியாது. நாங்கள் அடுக்கு வீட்டின் கீழே நின்றோம். பள்ளிக்கூடத்தின் தலைக்கு மேலே தாண்டி வந்தது அக்காவின் விசில், நேற்று அழுத சுவடே இல்லாமல். ஒரே ஒரு விசில்.

மாடிக்கு மாடி, பால்கனிக்குப் பால்கனி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். இரட்டை விசில் வந்தது. அத்தனை பேரும் கால் மாற்றினார்கள். மூன்றாவது மாடியில் கம்பியைக்கூடப் பிடிக்காமல் பெரியக்கா. "கீழ் வீட்டம்மா, முட்டியை மடக்காதீங்க!" என்று தங்கையின் அதே தொண்டையில் அதட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மேலே ஏறிப்போய்க் கேட்டார், எப்படி இது என்று.

"நான் எந்த விதியையும் மீறலம்மா" என்றார் பெரியக்கா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "அவ என்னைச் சேத்துக்க மாட்டேன்னா. சரி, அவளை விட நல்லா நிக்கறேன்னு எனக்குள்ள ஒரு வைராக்கியம். பூங்காவுக்குப் போய்ட்டு வர்ற எங்க பால்காரர்கிட்ட, எந்த விசிலுக்கு என்ன செய்யறாங்கன்னு கேட்டுக்கிட்டேன். மத்தவங்க என்னைப் பாத்துச் செஞ்சாங்க. ரோட்டுக்கு நடுவுல கோடு போட்டீங்க சரி. விசிலுக்கு யாராவது வேலி போட்டீங்களா?"

அன்று சாயங்காலம் கூட்டத்தில் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். சோதனையைத் தான் தவறாக அமைத்ததாகவும், நடந்ததை நடந்தபடியே மேலிடத்துக்கு எழுதப்போவதாகவும், அடுத்த முறை விசில் எட்டாத ஊரில் அளக்கப்போவதாகவும் சொன்னார். பயிற்சி பரவுகிற விதத்தைப் பார்த்த பிறகு, அந்தப் பக்கத்தை இனி வெளியே நிறுத்துவதில் அர்த்தமில்லை என்றும் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "கால் ரெண்டு பக்கமும் வலுவாச்சு. ஆனா குளியலறைல விழறது நம்ம பக்கம் மட்டும்தான் குறைஞ்சிருக்கு. கைப்பிடி விசில்ல போகல பாருங்க." முந்தின நாள் மேசையில் ஓங்கி வைத்துவிட்டுப் போன திருப்புளியை எடுத்து மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூங்காவுக்கு வந்த கூட்டத்தை அக்கா அப்படியே ஓட்டிக்கொண்டு சாலையைத் தாண்டினாள். தலைமையாசிரியர் கை காட்டி வண்டிகளை நிறுத்தினார். அடுக்கு வீட்டின் கீழே, படிக்கட்டின் வாயில் நின்று மேலே பார்த்து இரட்டை விசில் அடித்தாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலே கதவு திறந்தது. செருப்புச் சத்தம் ஒரு படி இறங்கி நின்றுவிட்டது. நான் ஏறிப் போகக் கால் எடுத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். மறுபடி இரட்டை விசில். செருப்பு நகர்ந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விசில் அடித்து நிறுத்தி, மூச்சு வாங்க விட்டு, இரட்டை விசிலில் கிளப்பினாள். எல்லா பால்கனிகளும் எட்டிப் பார்த்தன. கடைசித் திருப்பத்தில் பெரியக்காவின் முகம் தெரிந்தது. வேர்த்திருந்தது, ஆனால் கை கம்பியில் இல்லை.

கடைசிப் படியில் நின்றுகொண்டார். "என்னடி, டிக்கெட் கேக்க மாட்டியா?"

அக்கா விசிலை வாயில் வைத்தாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், அதுவும் காற்றுதான்.

பெரியக்கா கையை நீட்டித் தங்கையின் வாயிலிருந்து விசிலை எடுத்தார். முந்தானையில் துடைத்தார். தெருவே அதிர இரட்டை விசில் அடித்துவிட்டுக் கடைசிப் படியிலிருந்து இறங்கினார்.