தாஸண்ணன் கூட்டிய இரண்டு சென்டி

போன வாரம் வேப்பம்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஷேர் ஆட்டோவில் சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்குத் தலை வலிக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன் ஸ்டெல்லா பீம் என்கிற அந்த ஒல்லிக் கட்டை மேல் பல்டி அடிக்கும் வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அவளுடைய முதல் பீமைச் செய்தவர்கள் நாங்கள். தேர்வாய் கண்டிகையில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட். அவள் அப்பா தாஸண்ணன் அங்கே வெல்டர். நான் அளவு சரிபார்ப்பவன். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான்; சட்டைப் பையில் டேப் இல்லாமல் சாப்பிடக்கூடப் போகமாட்டேன், அவ்வளவு மிடுக்கு.

அவள் பள்ளியில் பீம் கிடையாது. பி.டி. டீச்சர் அளவு எழுதிக் கொடுத்தார்: அகலம் பத்து சென்டிமீட்டர். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மீந்த இரும்பில் செய்து, ஸ்பாஞ்சு வைத்து ரெக்சின் போர்த்தி, ஷெட்டுக்குப் பின்னால் மணலில் நிறுத்தினோம். டேப்பை வைத்தேன். பன்னிரண்டு.

"அண்ணே, ரெண்டு சென்டி கூட கீது."

"கெடக்குது வுடு தம்பி. புள்ள உழுந்தா யாரு பாக்கறது? பத்துன்னே எழுது."

டீச்சருக்குப் போகும் சீட்டில் பத்து என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏதோ புண்ணியம் செய்த நினைப்பு வேறு.

பள்ளி விட்டதும் வந்து இரண்டு வருடம் அதில் ஆடினாள். பிறகு சென்னையில் மாநிலப் போட்டி. நானும் தாஸண்ணனும் லீவு போட்டு, லெமன் சாதம் கட்டிக்கொண்டு போனோம். முதல் திருப்பத்திலேயே விழுந்தாள். ஏறி, மறுபடி விழுந்தாள். கடைசி இடம். நேராக எங்களிடம் வந்தாள்.

"நைனா, இவங்க பீம் இன்னா இவ்ளோ ஒல்லியா கீது?"

தாஸண்ணன் சாப்பாட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். உண்மையை நான்தான் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. வீடு வரை எங்களை விட்டு இரண்டு சீட் தள்ளியே உட்கார்ந்து வந்தாள்.

மறுநாள் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு ஷெட்டில் வந்து நின்றாள்.

"வெட்டு நைனா."

"பத்தா வெட்டிர்றேன்மா. மாதா மேல சத்தியம்."

"பத்து இல்ல. ஒம்பது."

தாஸண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணா, நீ அளந்து பாரு. இந்த வாட்டி ஒழுங்கா எழுது."

ஒன்பதேதான். மில்லிமீட்டர் பிசகவில்லை. அவ்வளவு பயந்துகொண்டு நான் வேறெதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

அடுத்த வருடம் அதே அரங்கில், பத்து சென்டி பீமில், பஜாருக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். தங்கம்! பிறகு தேசியப் போட்டிகள், வெளிநாடு, முழங்காலில் ஒரு ஆபரேஷன், அதற்குப் பிறகும் தங்கம். ஒவ்வொன்றுக்கும் தாஸண்ணன் ஷெட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு.

இப்போது அந்த ஷெட் இல்லை, கிடங்காகிவிட்டது. பீம் பழைய இரும்போடு போயிருக்கும். போகட்டும். அப்போதெல்லாம் அவள் அதில் ஏறியதும் அந்தப் பக்கம் தாஸண்ணன், இந்தப் பக்கம் நான், விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டியபடி கூடவே நடப்போம். அந்தச் சாயங்காலங்களுக்குத்தான் மனசு ஏங்குகிறது. இப்போதெல்லாம் எங்களைக் கேலரியில் உட்காரவைத்துவிடுகிறார்கள். அவள் பீமில் கால் வைத்ததும் எங்கள் நான்கு கைகளும் தாமாக முன்னால் நீளும். முன்வரிசைக்காரர்களின் முதுகில் இடித்து நிறையத் திட்டு வாங்கியிருக்கிறோம்.